நடுக்கம்பில் வந்து நின்ற கோபுரம்

மூன்று வளையம். மூன்றே மூன்று. பல் முளைக்கிற குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று மர வளையங்கள். அவற்றை ஒரு கம்பிலிருந்து இன்னொரு கம்புக்கு மாற்றத் தெரியவில்லை என்று தன் கணவரைப் பற்றி எழுதப்போகிறார்களே என்று அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. எதிரே இருந்த ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காரப் பெண் தங்கமானவள். கோபப்பட முகாந்திரமே கொடுக்காதவள்.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பலகை, அதில் வரிசையாக மூன்று கம்புகள். முதல் கம்பில் பெரிய வளையம் அடியில், சின்னது உச்சியில் என்று கோபுரமாக அடுக்கியிருக்கும். அந்தக் கோபுரம் அப்படியே மூன்றாவது கம்புக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு வளையத்தைத்தான் எடுக்கலாம். சின்னதன் தலையில் பெரியது உட்காரக் கூடாது. நடுக்கம்பு, போகிற வழியில் இறக்கி வைத்துக்கொள்ள மட்டும். பயிற்சிக்காரப் பெண் இதையெல்லாம் நிறுத்தி நிதானமாக, கையால் காட்டிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். வலது கை இன்னும் மடியிலேயே கிடந்ததால் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினார். ஒரு விதியையும் மீறவில்லை. கடைசியில் கோபுரம் அழகாக நடுக்கம்பில் வந்து நின்றது. மறுபடி அடுக்கிக் கொடுத்தாள். மறுபடியும் நடுக்கம்பு. அந்தப் பெண் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினாள்.

மனைவி பயந்ததெல்லாம் அந்த எழுத்துக்குத்தான். மூளைக்குள் ரத்தக்குழாய் அடைத்து அவர் விழுந்ததிலிருந்து பேச்சு போய்விட்டது, ஒரு பக்கம் போய்விட்டது. அது தெரிந்ததுதான். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. இந்த வாரக் கடைசியில் பெரிய டாக்டர் எல்லாத் தாள்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வார். சொல்வதைப் புரிந்துகொள்கிறவர்களுக்குப் பயிற்சி தொடரும், பிறகு வீடு. மற்றவர்களுக்குப் பின்கட்டிடம். பின்கட்டிடத்தை அவள் போய்ப் பார்த்திருந்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, சுத்தமான இடம். சுவர் ஓரமாக நாற்காலிகளைப் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

மகள் போனில் நாசூக்காகத்தான் சொன்னாள். அப்பா நம்மைப் பார்க்கிற பார்வையே வேறம்மா, நீ மனசைத் தேத்திக்கணும் என்றாள். அவள் மகளிடம் எரிந்து விழுந்தாள். எரிந்து விழுந்ததற்குக் காரணம், தனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதுதான். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பதுபோல் அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையாக, கொஞ்சம் தள்ளி. இந்த மனுஷன் உள்ளே இருக்கிறாரா இல்லையா? ஒருத்தரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே.

“கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்மா,” என்று பயிற்சிக்காரப் பெண் வளையங்களை மறுபடி அடுக்கினாள்.

சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் இந்தத் தடவை கோபுரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவருடைய கையைப் பார்த்தாள். கை சிவப்பு வளையத்தை, அதாவது ஆகச் சின்னதை, நடுக்கம்புக்குக் கொண்டுபோனது. பிறகு மஞ்சள். பிறகு மறுபடி சிவப்பு. பிறகு நீலம். அடுத்து, மூன்றாவது கம்பில் இருந்த சிவப்பை எடுத்து, பலகையின் இந்தக் கோடிக்குக் கொண்டுவந்து முதல் கம்பில் போட்டது. சிவப்பு, மற்றது, சிவப்பு, மற்றது. சிவப்பு எப்போதும் ஒரே பக்கமாக, வலது, வலது, கோடிக்குப் போனதும் திரும்ப முதலுக்கு.

அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இந்தக் கைக்கு இது யார் சொல்லிக்கொடுத்தது என்று அவளைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு குளிர், அதுகூட வந்து அடித்தது.

எவ்வளவு காலமாயிற்று, இரண்டு பேரும் ஒரே ஆபீஸில் இருந்தது. அப்போது அவர் பெயர் அவசரம். பெற்றவர்கள் வைத்தது வேறு, ஆபீஸ் வைத்தது இது. அவளுக்கு ஆபீஸ் வைத்தது செக்போஸ்ட். கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற காலம். கட்டிடத்திலேயே அந்த அறைக்கு மட்டும்தான் ஏசி. வெளியே மனிதர்கள் வேர்த்து வழிவார்கள், மெஷின் மாப்பிள்ளை மாதிரி குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும். புரோகிராமை நேராக அதற்குள் தட்டச்சு செய்ய முடியாது. ஒரு வரிக்கு ஒரு கார்டு, கார்டில் ஓட்டைகள். கார்டுகளைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து அவள் ஜன்னலில் கொடுக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, சரியென்றால்தான் கட்டு உள்ளே போகும். ஒரு கார்டு தப்பாக இருந்தாலும் ஆளையும் கட்டையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். மேனேஜர் என்றாலும் அதே கதிதான்.

அதிகம் திரும்பிப் போனது அவசரத்தின் கட்டுதான். மனுஷனுக்கு எதிலும் பொறுமை கிடையாது. கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவைப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். கட்டு கீழே விழுந்து கார்டுகள் சிதறினாலும் கோட்டைப் பார்த்து வரிசையாக அடுக்கிவிடலாம். அவசரம் கோடு போட மாட்டார். அதற்கெல்லாம் எங்கே நேரம்? ஒரு நாள் மாடிப்படியில் தடுக்கி, கட்டு அவிழ்ந்து, கார்டுகள் படிக்கு இத்தனை என்று கீழ்த்தளம்வரை கொட்டின. ஆபீஸே நின்று வேடிக்கை பார்த்தது. செக்போஸ்ட் மட்டும் ஜன்னலை மூடிவிட்டு வந்து கூடவே குந்தி உட்கார்ந்து பொறுக்கினாள். அதற்குப் பிறகு அவர் கேட்காமலே அவருடைய கட்டில் கோடு இழுத்துவைப்பது அவள் வேலையாகிவிட்டது. அந்த ஏசி சத்தத்தில் யாரும் யாரிடமும் மனம் திறந்து பேசிவிட முடியாது. கோடுதான் பேசியது.

அந்தச் சமயத்தில்தான் மெஷின் தண்டச் செலவா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. மேனேஜருக்குத் தூக்கம் போயிற்று. எங்கிருந்தோ இந்த வளைய விளையாட்டை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார். வருகிறவர்கள் முன்னால் மெஷின் ஒவ்வொரு நகர்த்தலாக அச்சடித்துச் சொல்ல வேண்டும், டைப்பிஸ்ட் அதைப் படித்துப் படித்து வளையத்தை மாற்ற வேண்டும், கூட்டம் வாய் பிளக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

புத்தகத்தில் இருந்த வழி வேறு. பெரிய கோபுரத்தை மாற்ற வேண்டுமா, முதலில் அதன் மேலே இருக்கிற சின்னக் கோபுரத்தை மாற்று, அதற்கு அதன் மேலே இருப்பதை மாற்று என்று போகும். புரோகிராம் தன்னையே கூப்பிட்டு, எந்த வேலையைப் பாதியில் விட்டோம் என்று ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மெஷினில் இருந்த மொழியில் ஒரு புரோகிராம் தன்னைத் தானே கூப்பிட முடியாது. ஞாபகம் வைத்துக்கொள்ள மெஷினில் இடமும் கிடையாது. தலைகீழாக நின்று பார்த்தவர்கள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள்.

அவசரம் விளையாட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றினாராம், பஸ்ஸில் மடியில் வைத்து மாற்றினாராம். அம்மா எடுத்துக் குப்பையில் போடுகிறேன் என்கிற அளவுக்குப் போன பிறகு ஒரு காலை ஜன்னலுக்கு ஓடிவந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“சின்ன வளையத்தை ஒரு தடவ நகத்து. அடுத்த தடவ சின்னதைத் தொடாம எதை நகத்த முடியுமோ அதை நகத்து. அது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். மறுபடி சின்னது. சின்னது எப்பவும் வலது பக்கமாவே போகும், கோடிக்கு வந்தா முதல் கம்புக்குப் போயிடும். அவ்வளவுதாங்க. எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். இப்ப யாரோட முறைன்னு தெரிஞ்சாப் போதும்.”

அவள் நம்பவில்லை. நான்கு வளையம் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள், பிரிண்டர் தடதடவென்று அடித்தது, கோபுரம் மூன்றாவது கம்பில் வந்து நின்றது. ஆறு வைத்தார்கள். அதுவும் சரி. செக்போஸ்ட் கட்டைத் தட்டிச் சேர்த்து, கோட்டை இழுத்து, உள்ளே அனுப்பிவிட்டாள். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு ஒருவன் மூன்று வைத்துப் பார் என்று எப்படிச் சொல்வான்? யாருக்கும் தோன்றவே இல்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். வந்ததிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு குண்டு அதிகாரியிடம் மேனேஜர் பவ்யமாக, எத்தனை வளையம் வைக்கலாம் சார் என்று கேட்டார். மனுஷர் தன் கையைப் பார்த்துக்கொண்டே அஞ்சு வைங்க என்றார். பிரிண்டர் அடிக்க அடிக்க டைப்பிஸ்ட் மாற்றினாள். கடைசி வளையமும் இறங்கியது. கோபுரம் நடுக்கம்பில் நின்றது.

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. மேனேஜர் அவசரத்தைப் பார்த்த பார்வையில் அவருடைய வேலையே போய்விட்டது என்று செக்போஸ்ட் நினைத்தாள். அவசரமோ ஒரு அடி முன்னால் வந்து, மெஷின் அது வேலையை முடிச்சுடுச்சு சார், எந்தக் கம்புன்னு நாமதான் தப்பா முடிவு பண்ணிட்டோம் என்றார். குண்டு அதிகாரி ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மெஷின் பிழைத்தது. அவசரமும் பிழைத்தார்.

ஆட்கள் போனதும் அவள் உட்கார்ந்து வளையங்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டுவிட்டது. வளையம் ஒற்றைப்படை என்றால் சின்னது இடது பக்கமாகப் போக வேண்டும். முதல் கம்புக்கு இடப்பக்கம் ஒன்றும் இல்லை, அதனால் முதல் நகர்த்தலே நேராக மூன்றாவது கம்புக்கு. அவ்வளவுதான் விஷயம், ஒரு கார்டு சேர்த்தால் தீர்ந்தது. அவளே அந்தக் கார்டை அடித்து, கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள். மனுஷன் வாங்கிப் பார்த்துவிட்டு, சொருக மாட்டேன் என்றார். என் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை, ஒற்றைப்படை என்றால் நடுக்கம்புக்குத்தான் வரும், தெரிந்தவர்கள் அங்கே போய்க் காத்திருக்கட்டும் என்றார். விடாப்பிடி என்றால் அப்படி ஒரு விடாப்பிடி.

அந்தச் சண்டையோடுதான் கல்யாணம் நடந்தது. அந்தச் சண்டையோடுதான் குடித்தனமும் நடந்தது. புதுப் பீரோ படுக்கையறை வாசலில் நுழையாமல் கூடத்திலேயே நின்றுபோனால், நடுக்கம்புல வந்து நின்னுடுச்சு என்பாள் அவள். டாக்டராவாள் என்று எதிர்பார்த்த மகள் கணக்கு படிக்கப் போனபோதும் அதே பேச்சு. ஒரு கார்டு போட்டிருந்தா என்று அவள் இழுப்பாள், போட மாட்டேன் என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள், கார்டுகள் போயின, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற கம்ப்யூட்டர்கள் வந்தன. இவர்கள் இரண்டு பேரும் அந்த ஒரு கார்டுக்காக அடித்துக்கொண்டே கிழவன் கிழவி ஆனார்கள். அதைவிட நல்ல காலம் ஒன்று இருந்திருக்குமா என்று கேட்டால், அவளுக்குத் தெரிந்து இல்லை.

இப்போது பலகையில் கோபுரம் மூன்றாவது தடவையாக நடுக்கம்பில் நின்றது. பயிற்சிக்காரப் பெண் பேனாவை எடுத்தாள். செக்போஸ்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடியும் அடங்கவில்லை.

“ஏம்மா, இன்னொரு வளையம் இருந்தா சேத்து வையேன்.”

மூன்றே முடியாதவருக்கு நான்கா என்று அந்தப் பெண் தயங்கினாள். இருந்தாலும் பெட்டியிலிருந்து பச்சை வளையம் ஒன்றை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். அவர் ஆரம்பித்தார். சிவப்பு, மற்றது, சிவப்பு, மற்றது. நடுவில் கை வலித்திருக்க வேண்டும், நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு எந்த இடத்தில் விட்டாரோ அங்கிருந்தே தொடர்ந்தார். நான்கு வளையமும் மூன்றாவது கம்பில் வந்து உட்கார்ந்தன.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அவள் மெஷினையும் கார்டையும் குண்டு அதிகாரியையும் அவசர அவசரமாகச் சொன்னாள். இது குழப்பம் இல்லை, இவருடைய புரோகிராம், ஒற்றைப்படைக்கு இது இப்படித்தான் ஓடும் என்றாள். அந்தப் பெண் கவனமாகக் கேட்டாள். சிரிக்கிற இடத்தில் சிரித்தாள். ஆனால் முட்டாள் இல்லை.

“எனக்கும் சந்தோஷமாத்தாம்மா இருக்கு. ஆனா இது கைப் பழக்கமா இருக்கலாம். பாட்டை மறந்தவங்களுக்குக்கூட விரல் மட்டும் தாளம் போடும், நான் பாத்திருக்கேன். நாம சொல்றதைக் கேட்டு, புரிஞ்சு, மாத்திக்கிறாரான்னுதான் நான் எழுதணும்.”

அதுவும் நியாயம்தான். என்ன செய்வது, நியாயமாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போட முடியாதே. அந்தப் பெண்ணே ஒரு வழியும் சொன்னாள். மறுபடி மூன்று வளையம் வைக்கிறேன், நீங்கள் வாயால் ஒரு தடவை சொல்லலாம், கையால் காட்டக் கூடாது, மாற்றிச் செய்தாரென்றால் அதை எழுதுகிறேன் என்றாள். பச்சையை எடுத்துவிட்டு மூன்றை அடுக்கினாள்.

அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து எதற்கு மாட்டேன் என்று சொல்லிவந்தாரோ, அதைத்தான் இப்போது செய்யச் சொல்ல வேண்டும். செய்யாமல் போனால் அது நோயா, இல்லை இந்த மனுஷனின் பிடிவாதமா? எந்த டாக்டர் அதைப் பிரித்துச் சொல்வான்? பின்கட்டிடத்து நாற்காலிகள் அவள் கண்ணுக்குள் வரிசையாக வந்தன. நல்ல நாளிலேயே கேட்காதவரிடம் இன்றைக்குக் கேட்கிறோமே என்று நினைத்தாள்.

“என்னங்க,” என்றாள். தவறிப்போய்க் காட்டிவிடக் கூடாதென்று கையை மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள். “மூணு வளையம். ஒத்தப்படை. அந்தக் கார்டைச் சொருகுங்க.”

அவர் பலகையைப் பார்த்தார். கை சிவப்பு வளையத்தை எடுத்தது. எடுத்து, வலது பக்கம், நடுக்கம்பில் இறக்கியது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பயிற்சிக்காரப் பெண் எழுதுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவருடைய விரல் வளையத்தின் மேலேயே இருந்தது, விடவில்லை. அவர் பலகையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்பவரைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ஜன்னலில் கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் முறைப்பாரே, அதே முறைப்பு. முறைத்தபடியே வளையத்தை உருவினார். பலகைக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவது கம்பில் போட்டார்.

மஞ்சள் நடுக்கம்புக்கு வந்தது. சிவப்பு இடது பக்கமாக நகர்ந்து அதன்மேல் ஏறியது. நீலம் தனியாக மூன்றாவது கம்புக்குப் போனது. சிவப்பு மறுபடி இடது, முதல் கம்புக்கு. மஞ்சள் நீலத்தின் மேல். கடைசியாகச் சிவப்பை எடுத்து, பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் உச்சியில் வைத்தார். கோபுரம் மூன்றாவது கம்பில் நின்றது.

பயிற்சிக்காரப் பெண் குனிந்து எழுத ஆரம்பித்தாள். நிறைய எழுதினாள்.

இந்த மனுஷன் ஒரு நாள் ஒத்துக்கொள்வார், அன்றைக்கு என்னென்ன சொல்லிக் காட்டலாம் என்று அவள் எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இப்போதோ, வீட்டுக்கு வருவதற்காகத் தோற்றுக் கொடுத்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது, அதைத் தாங்க முடியவில்லை. ஜெயித்தது பிடிக்கவே இல்லை. அவருடைய செயலில்லாத வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நீங்க எழுதினதும் தப்பில்லைங்க,” என்றாள். “நடுக்கம்பும் கம்புதானே. இத்தனை நாள் நான்தான் வீணா வம்பு பண்ணிட்டேன்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இல்லையாம். அவர் எழுதினது தப்புதானாம்.

பயிற்சிக்காரப் பெண் நிமிர்ந்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். பாரேன், இதையும் ஒத்துக்க மாட்டேங்கிறார் என்று சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.